பார்வையற்றவருக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பது எப்படி: கணக்குத் திறப்பது முதல் அவரே பதில் அனுப்புவது வரை

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க இராமநாதபுரம் போனபோது, ஒரு பிரௌசிங் சென்டரில் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு சட்டைப் பையோடு சேர்ந்து துவைக்கப்பட்டது. கணக்கை மீட்கப் பார்த்தால், சரிபார்ப்பு எண் கடையில் வேலை பார்த்த பையனின் போனுக்குப் போயிற்று. பையன் அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டிருந்தான். இரண்டாவது கணக்கை நானே என்னுடைய எண்ணைக் கொடுத்துத் திறந்தேன். அது அதைவிடப் பெரிய தவறு என்பது, அவர் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் மதுரையில் இருக்கும் என்னை அழைத்து ஓடிபி கேட்க வேண்டி வந்தபோதுதான் உறைத்தது. "ஏப்பா, இது என் பெட்டியா, உன் பெட்டியா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது. அந்த மூன்றாவது முறையின் படிகளையே இங்கே எழுதுகிறேன். வீட்டில் பார்வையற்ற ஒருவருக்கு மின்னஞ்சல் அமைத்துத் தரப்போகிறவரை மனத்தில் வைத்து எழுதியது இது; பார்வையற்றவரே, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு திரைவாசிப்பானான டாக்பேக் கொண்டு இதைக் கேட்டுப் படித்துச் செய்வதற்கும் தடை இல்லை.

1. போனா, கணினியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இதை நீங்கள் முடிவு செய்யாமல் அவரிடம் கேளுங்கள். இடையில் பார்வை இழந்த, விசைப்பலகை பழக்கமில்லாத பெரியவருக்கு ஆண்ட்ராய்டு போன் போதும். படிக்கிற பிள்ளைகளுக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கும் கணினி கட்டாயம் தேவைப்படும், ஏனென்றால் நீளமான விண்ணப்பங்களையும் இணைப்புகளையும் போனில் கையாள்வது நரகம். ஐயம் இருந்தால் போனில் தொடங்குங்கள். கணக்கு ஒன்றுதான், பின்னால் கணினியில் அதையே திறந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வெளிச்சமாவது தெரிகிறதா, பெரிய எழுத்துத் தெரிகிறதா, கைகள் இரண்டும் சரியாக இயங்குகின்றனவா. ஓரளவு பார்வை இருப்பவருக்குத் திரைவாசிப்பானைத் திணிப்பது தேவையற்ற தொல்லை. அவர்களுக்கான வழியை எட்டாம் படியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

2. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அவருடைய பெயரிலேயே வாங்கப்பட்ட, அவருடைய போனிலேயே இருக்கும் சிம் கார்டு முதல் தேவை. மகன் பெயரில் வாங்கியதும், வெளிநாட்டில் இருக்கும் மச்சான் விட்டுப் போனதும் உதவாது. அவர் பெயரில் சிம் இல்லையென்றால், ஆதார் அட்டையோடு அவரையே கடைக்கு அழைத்துப் போய்க் கைரேகை வைத்து வாங்குங்கள். மின்னஞ்சல் வேலையை அடுத்த நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். வலை இழுத்தோ, பாசி அள்ளியோ கைரேகை தேய்ந்து போனவர்களுக்குக் கருவி ரேகையை ஏற்க மறுப்பது நம் கரையில் வழக்கம் என்பதால், இதற்கு ஒரு காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்குவது நல்லது.

அடுத்து, கம்பி வைத்த ஹெட்போன் ஒன்று. நான் வாங்கியது 150 ரூபாய். கடவுச்சொல்லை ஊரே கேட்கும்படி போன் வாசிக்காமல் இருக்க இது வேண்டும். புளூடூத் வேண்டாம், பேச்சு அரை நொடி பிந்தி வரும், புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தத் தாமதமே குழப்பம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஜிமெயில் கணக்குக்குக் கட்டணம் இல்லை. போனில் இருக்கும் டாக்பேக்குக்கும், கணினிக்கான என்விடிஏ திரைவாசிப்பானுக்கும் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் திறக்க ஆதார் நகலோ மாற்றுத்திறனாளிச் சான்றிதழோ தேவையில்லை; கேட்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆகும் செலவெல்லாம் ஹெட்போனும் டேட்டாவும்தான். நேரம்தான் அதிகம் ஆகும்: ஒரு நாள் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நான்கு நாட்கள். ஒரே நாளில் முடிக்க நினைத்து நான் சித்தப்பாவை அழவைக்காத குறைதான்.

3. டாக்பேக்கை இயக்கி, முதல் நாள் அதை மட்டுமே பழக்குங்கள்

அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் டாக்பேக் இருக்கும். இயக்குவதற்கு முன், அதே பக்கத்தில் அதற்கான குறுக்குவழியையும் இயக்கிவிடுங்கள். பிறகு ஒலிக்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் அது இயங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஏனென்றால் டாக்பேக் இயங்கும் போனில் தொடுதல் முறையே மாறிவிடும்; ஒரு முறை தொட்டால் அது பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டும். இது தெரியாத சித்தி, போன் கெட்டுப் போய்விட்டதென்று பழுது பார்க்கும் கடைக்கே கொண்டு போய்விட்டார்.

அவர் கற்க வேண்டிய அசைவுகள் முதலில் மூன்றுதான்: ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது, இரண்டு முறை தட்டினால் திறப்பு. முதல் நாள் மின்னஞ்சல் பக்கமே போகாமல், மணி பார்ப்பது, ஒருவரை அழைப்பது, அழைப்பைத் துண்டிப்பது ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் விஷயத்தில் நான் எதிர்பாராத தடை ஒன்று வந்தது. முப்பது ஆண்டுகள் நாட்டுப்படகில் வலைக்கயிறு இழுத்த ஆட்காட்டி விரல் காய்ப்பேறிப் போயிருந்ததால், அவர் தட்டுவதைத் திரை உணரவே இல்லை. அவர் இன்னும் பலமாகக் குத்த, திரை இன்னும் பிடிவாதமாக இருந்தது. தற்செயலாக மோதிர விரலால் தட்டியபோது உடனே கேட்டது. அன்று முதல் அவருக்கு மோதிர விரல்தான். அதுவும் சரிவராதபோது ஈரத்துணியில் விரலை ஒற்றி, துடைத்துவிட்டுத் தட்டுகிறார். திரைக்கு ஒட்டியிருக்கும் கண்ணாடித் தகடு தடிமனாக இருந்தால் அதையும் உரித்துவிடுங்கள்.

குரலைத் தமிழுக்கு மாற்ற, எழுத்திலிருந்து பேச்சு என்ற அமைப்பில் தமிழ்க் குரல் தரவை முன்கூட்டியே வைஃபையில் இறக்கி வையுங்கள். வேகத்தை முதலில் மிகக் குறைவாக வையுங்கள். பத்து நாளில் அவரே கூட்டச் சொல்வார்.

4. கணக்கைத் திறக்கும்போது

இதை அவருடைய போனிலேயே செய்யுங்கள். கணினியில் திறந்தால் சில வேளைகளில் திரையில் கியூஆர் குறியீடு ஒன்றைக் காட்டி, அதைப் போனால் படம் பிடிக்கச் சொல்கிறது. பார்வையற்றவர் தனியாக அதைக் கடப்பது கடினம்.

முகவரிப் பெயரைத் தேர்ந்தெடுப்பதில் கால் மணி நேரம் செலவழித்தாலும் தகும். அவர் அதை வாழ்நாள் முழுவதும் வாயால் சொல்லப் போகிறவர். எம், என் என்ற இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். பி, டி ஆகியவையும் அப்படியே. ஆகவே இந்த எழுத்துகள் குறைவாக உள்ள, ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பெயரும், அவருக்கு நினைவில் நிற்கும் இரண்டு மூன்று இலக்கங்களும் போதும். இடையில் புள்ளி வைக்காதீர்கள். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றாலும், முகவரியை எழுதிக்கொள்கிற எழுத்தர் அந்தப் புள்ளியைப் பற்றி ஐந்து நிமிடம் கேள்வி கேட்பார்.

பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். கடவுச்சொல்லை அவரே தேர்ந்து, அவரே தட்ட வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்பேக் அமைப்பில் கடவுச்சொல்லைப் பேசும் வசதியை இயக்கினால், அவர் தட்டும் எழுத்து அவர் காதில் மட்டும் கேட்கும். இயக்காவிட்டால் புள்ளி, புள்ளி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். சிறிதும் பெரிதுமாகக் குறிகளைக் கலந்த எட்டெழுத்தைவிட, அவருக்கு மட்டும் பொருள்படும் நான்கு சொற்களைச் சேர்த்து எழுதிய நீண்ட தொடர், தட்டவும் எளிது, கண்டுபிடிக்கவும் கடினம். குரல் உள்ளீட்டில் கடவுச்சொல்லைச் சொல்லவே கூடாது.

மீட்பு எண்ணாக அவருடைய எண். மீட்பு மின்னஞ்சலாக மட்டும் உங்களுடையதைக் கொடுக்கலாம். நான் தலைகீழாகச் செய்துதான் சிக்கினேன்.

எழுத்துகளைச் சிதைத்துக் காட்டி ஆள்தானா என்று சோதிக்கும் படம் வந்தால் அருகில் ஒலிப் பொத்தான் இருக்கும். திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும். ஒலியில் வருவது பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால், ஆங்கிலம் பழகாதவருக்கு இந்த ஒரு இடத்தில் உங்கள் உதவி தேவைப்படலாம்.

கடைசியாக, கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். பார்வையற்றவருக்கு இந்தத் தாளை அச்சிட்டுக் கொடுப்பதில் பயன் இல்லை. பிரெய்ல் தெரிந்தவருக்குப் பிரெய்லில் குத்திக் கொடுங்கள். சித்தப்பாவுக்குப் பிரெய்ல் தெரியாது. ஆகவே ஒரு தாளில் பெரிதாக எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் போட்டு, சித்தியிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். போன் கடலில் விழுந்தாலும் கணக்கு பிழைத்துக்கொள்ளும்.

5. ஜிமெயிலின் உள் அமைப்புகளை மாற்றுதல்

திறந்தவுடன் இருக்கும் அமைப்பு கண்ணால் பார்ப்பவருக்கானது. காதால் கேட்பவருக்கு இதை மாற்றாமல் விட்டால், ஒரு கடிதத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் சலித்துப் போவார். கணினியில் ஒரு முறை திறந்து, அமைப்புகளுக்குள் போய்க் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுங்கள்.

உரையாடல் காட்சியை அணைத்துவிடுங்கள். இது இயங்கும்போது பத்துப் பதில்கள் ஒரே வரிக்குள் மடிந்து கிடக்கும். எது புதியது என்பது கேட்பவருக்குப் பிடிபடாது. அணைத்தால் ஒரு கடிதத்துக்கு ஒரு வரி. விளம்பரம், சமூகம் என்று பெட்டியைப் பிரிக்கும் தாவல்களையும் எடுத்துவிட்டு முதன்மையை மட்டும் வையுங்கள். வங்கியிலிருந்து வந்த கடிதம் இன்னொரு தாவலில் பதுங்கியிருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எழுதும்போது தானாக வாக்கியத்தை முடித்துத் தரும் பரிந்துரையை அணையுங்கள், திரைவாசிப்பான் குழம்பும். அனுப்பியதைத் திரும்பப் பெறும் கால அளவு 5 நொடியாக இருக்கும். அதை 30 நொடியாக்குங்கள், ஏனென்றால் கேட்டு உணர்வதற்கு அவருக்கு நேரம் வேண்டும். விசைக் குறுக்குவழிகளை இயக்குங்கள். பிறகு பக்கத்தின் அடிக்கு வந்து, மாற்றங்களைச் சேமி என்பதை அழுத்துங்கள். இதை அழுத்தாமல் வெளியேறி, எல்லாவற்றையும் மறுநாள் மீண்டும் செய்தவன் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பார்வையற்றோர் பலரும் ஜிமெயிலின் எளிய வடிவமான எச்டிஎம்எல் காட்சியைத்தான் பயன்படுத்தினார்கள். கூகுள் அதை 2024இல் நிறுத்திவிட்டது. அதைத் திறக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் கண்ணில் பட்டால் நேரத்தை வீணாக்காதீர்கள். ஜிமெயிலின் வலைப்பக்கம் பிடிக்காதவர்கள், கட்டணமில்லாத தண்டர்பேர்ட் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பட்டியலும் கடிதமும் எளிமையாக இருக்கும்.

6. கணினியில் என்விடிஏ

என்விடிஏ ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர்களால் தொடங்கப்பட்ட, விண்டோஸுக்கான இலவசத் திரைவாசிப்பான். இறக்கும் பக்கத்தில் நன்கொடை கேட்கும்; முடிந்தவர் கொடுக்கலாம், இல்லாவிட்டால் இப்போது வேண்டாம் என்று கடந்து போகலாம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலில் தமிழ் உண்டு, ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். விண்டோஸில் தமிழுக்கான பேச்சுத் தொகுப்பை நிறுவினால் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு குரல் கிடைக்கும், புதியவர் காதுக்கு அது மேல். மடிக்கணினியாக இருந்தால், வரவேற்புப் பெட்டியிலேயே கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக, அதாவது என்விடிஏவுக்குக் கட்டளையிட மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்தும் விசையாக, வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தெரிந்துகொள்ளாத வசதி ஒன்று இருக்கிறது. என்விடிஏவின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் உருவாக்கிக்கொள்ளலாம். இராமநாதபுரத்து இ-சேவை மையத்திலோ, நூலகத்திலோ உள்ள கணினியில் எதையும் நிறுவாமல், பென்டிரைவைச் செருகி அங்கிருந்தே இயக்கலாம். பார்வையற்றவர் தன் விண்ணப்பத்தைத் தானே படித்துப் பார்த்துவிட்டுச் சமர்ப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மையத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு செருகுங்கள்.

இப்போது, எல்லோரும் விழும் பள்ளம். என்விடிஏ இணையப் பக்கத்தில் உலவும் நிலையில் இருக்கும்போது, ஒற்றை எழுத்து விசைகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, பி அழுத்தினால் அடுத்த பொத்தான், கே அழுத்தினால் அடுத்த இணைப்பு, இ அழுத்தினால் தேடல் போன்ற அடுத்த எழுதும் பெட்டி. ஜிமெயிலோ அதே எழுத்துகளுக்கு வேறு பொருள் வைத்திருக்கிறது: சி புதிய கடிதம், ஆர் பதில், ஜே அடுத்த கடிதம், கே முந்தைய கடிதம், இ காப்பகத்துக்கு அனுப்புதல். ஆகவே ஒருவர் சி அழுத்தினால் புதிய கடிதம் திறக்காமல் சுட்டி எங்கோ தாவும். மாறாக, தேடல் பெட்டிக்குப் போக நினைத்து இ அழுத்தினால் கடிதம் பெட்டியை விட்டே மறைந்துவிடும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மாற்றுவது, என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் பட்டை. மாறும்போது இரண்டு வெவ்வேறு ஒலிகள் கேட்கும். அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக் கொடுப்பதுதான் கணினிப் பாடத்தில் பாதி. கடிதப் பட்டியலில் இருக்கும்போது ஜிமெயில் விசைகள் வேலை செய்யும் நிலையிலும், கடிதத்தைத் திறந்து படிக்கும்போது உலவும் நிலையிலும் இருப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் தடுமாற்றம் குறையும்.

மீதியெல்லாம் பழக்கம். சாய்கோடு அழுத்தினால் தேடல், யு அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்புதல், கன்ட்ரோலும் என்டரும் சேர்த்தால் அனுப்புதல், வெறும் கன்ட்ரோல் அழுத்தினால் பேச்சு நிற்கும். கடைசியில் சொன்னதை முதலில் சொல்லிக் கொடுங்கள். நிறுத்தத் தெரியாதவருக்கு அந்தக் குரல் சித்திரவதை.

7. தமிழில் எழுதுதல்

போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் தமிழ்க் குரல் உள்ளீடு நன்றாகவே வேலை செய்கிறது. கச்சான் காற்று வீசும் நாளில் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் மட்டும் காற்றும் சேர்ந்து பதிவாகும்; வீட்டுக்குள் போய்விடுங்கள். ஆனால் குரல் உள்ளீட்டில் பார்வையற்றவருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. சித்தப்பா, வாளை மீன் விலை பற்றித் தன் தோழருக்கு எழுதிய முதல் கடிதம், வாழை மீன் என்று போய்ச் சேர்ந்தது. அவர் அனுப்புமுன் அதைத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்திருந்தார். போனின் குரலில் வாளையும் வாழையும் அவர் காதுக்கு ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. பார்வையுள்ளவர் ஒரு நொடியில் பிடித்துவிடும் பிழை, கேட்பவருக்குப் பிழையாகவே ஒலிப்பதில்லை.

இதற்கு வழி, முக்கியமான சொற்களை எழுத்தெழுத்தாகக் கேட்பது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரல்களால் மேலோ கீழோ தள்ளி, வாசிப்பு அளவை எழுத்துகள் என்பதற்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு விரலால் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போனால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும். கணினியில் வலது அம்புக்குறி விசை போதும். எல்லாச் சொல்லுக்கும் இது வேண்டாம். பெயர், ஊர், தொகை, கணக்கு எண் ஆகிய நான்குக்கும் கட்டாயம் வேண்டும்.

கணினியில் நாள்தோறும் தமிழ் எழுதப் போகிறவர் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகட்டும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் வரும், ஷிஃப்ட் விசையின் தேவை மிகக் குறைவு, ஆகவே பார்க்காமல் தட்டுவதற்கு ஏற்றது.

8. ஓரளவு பார்வை இருப்பவருக்கும், கை இயங்காதவருக்கும், காது கேளாதவருக்கும்

மங்கலாகத் தெரிகிறவருக்குக் கணினியில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்திப் பக்கத்தைப் பெரிதாக்குவதே போதுமானதாக இருக்கும். திரை முழுவதையும் பெரிதாக்க விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி. வெளியேற விண்டோஸ் விசையோடு எஸ்கேப். கண் கூசுகிறவர்கள் ஜிமெயிலில் இருண்ட பின்னணியை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கையால் மட்டும் தட்டுகிறவருக்கு, ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஒட்டும் விசைகள் இயங்கும். பிறகு கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். கை நடுக்கம் உள்ளவருக்கும் இது உதவும்.

காது கேளாதவருக்கு மின்னஞ்சலைப் போல் வசதியானது வேறில்லை. கணக்குத் திறக்கும்போது சரிபார்ப்பு எண்ணை அழைப்பில் பெறாமல் குறுஞ்செய்தியில் பெறும்படி தேர்ந்தால் போதும்.

9. இணைப்புகள்: வேலை நின்றுபோகும் இடம்

ஒரு கடிதத்தோடு 25 எம்பி வரை அனுப்பலாம். அதில் பெரும்பாலும் சிக்கல் வராது. சிக்கல், வருகிற கோப்புகளில்தான். தாளைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருந்தால், திரைவாசிப்பான் வெற்றுப் பக்கம் என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். அந்தக் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதை கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். தமிழையும் ஓரளவு நன்றாகப் பிரிக்கிறது. அட்டவணை சிதறும். தொகைகளை மட்டும் யாரையாவது கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட மோசமானது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதம். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். நம் பக்கத்துச் சங்கங்களிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் இதைத்தான் தட்டுகிறார்கள். சித்தப்பாவின் போன் இப்படி ஒரு கடிதத்தை இரண்டு நிமிடம் தொடர்ந்து ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்தது. ஏதோ வேற்று நாட்டுக்காரன் வைகிறான் என்றே நினைத்துவிட்டார். திரைவாசிப்பான் தமிழாகவே படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆனாலும் அனுப்பியவரிடமே யூனிகோடில் கேட்டு வாங்குவதுதான் முறை.

அரசு அலுவலகத்திலிருந்து இப்படி வந்தால் தயங்காமல் பதில் எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 42, மின்னணு ஊடகத்தில் உள்ளவை அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசைப் பொறுப்பாக்குகிறது. நாங்கள் அனுப்பும் பதில் மூன்றே வரிகள்: "நான் பார்வையற்றவன். தாங்கள் அனுப்பியது படமாக இருப்பதால் என் திரைவாசிப்பானால் படிக்க இயலவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 42இன்படி யூனிகோடு எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்." இந்த வரிகளைச் சித்தப்பா வரைவுப் பெட்டியில் சேமித்து வைத்திருக்கிறார்.

தனித்துவ அடையாள அட்டை விண்ணப்பத்துக்கான புகைப்படம், ஆதார், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தனித்தனிக் கடிதமாகத் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தலைப்பில் ஆவணத்தின் பெயரை மட்டும் எழுதினால், பிறகு தேடலில் ஒரு சொல்லில் கிடைக்கும். அந்த அட்டைக்கும் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் கடைக்காரரின் மின்னஞ்சலையும் எண்ணையும் போடவிடாதீர்கள். அவருடையது என்று இப்போது ஒன்று இருக்கிறதே.

10. நீங்கள் அவருக்கு எழுதும்போது

தலைப்பு இல்லாமல் அனுப்பாதீர்கள். பட்டியலில் அவர் கேட்பது அதை மட்டும்தான். திருமண அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாமல், நாள், நேரம், மண்டபம் மூன்றையும் கடிதத்திலேயே தட்டுங்கள். சிவப்பில் உள்ளதை நிரப்புக என்பதும், இங்கே சொடுக்கவும் என்பதும் கேட்பவருக்கு எதையும் சொல்வதில்லை. எதை நிரப்ப வேண்டும், எங்கே போகும் இணைப்பு என்று எழுதுங்கள். பத்துப் பூ எமோஜிகளை வரிசையாக வைத்தால் அத்தனை பூக்களின் பெயரையும் திரைவாசிப்பான் சொல்லி முடித்த பிறகுதான் உங்கள் வணக்கம் வரும்.

11. ஏமாற்றுக் கடிதங்கள்

பட்டியலில் திரைவாசிப்பான் சொல்வது அனுப்பியவர் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரை மட்டுமே. வங்கியின் பெயரை யாரும் சூட்டிக்கொள்ளலாம். பணம், கேஒய்சி, பரிசு என்று எது வந்தாலும், கடிதத்தைத் திறந்து அனுப்பியவர் விவரத்தை விரித்து, முகவரியை எழுத்தெழுத்தாகக் கேட்ட பிறகே அடுத்தது என்பதை வழக்கமாக்குங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்த எண்ணைப் போனில் இப்போதே சேமித்துக் கொடுங்கள்.

12. கணக்கு சாகாமல் இருக்க

இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடந்த கணக்கைக் கூகுள் நீக்கலாம். அதற்கு முன்பே வேறு இரண்டு வழிகளில் கணக்கு கைவிட்டுப் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் செயலிழந்து, எண் இன்னொருவருக்குப் போவது ஒன்று. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பெரியவரின் ரீசார்ஜ்தான் என்பதால், அந்த 61 நாட்களுக்கான தொகையை முன்பே போட்டுவிடுங்கள். மற்றொன்று இடம் நிறைந்துபோவது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, கடிதங்களுக்கு மட்டுமன்றி டிரைவுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். பேரப்பிள்ளைகள் அவர் போனில் எடுக்கும் வீடியோக்கள் தானாகவே மேலே ஏறி அதை நிரப்பிவிடும். நிறைந்த பிறகு கடிதம் வராது, வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. புகைப்படக் காப்பை அணைத்துவிடுங்கள்.

நான்காம் நாள் முடிந்ததும் ஒரு சோதனை வையுங்கள். அவரை வீட்டில் விட்டுவிட்டு, பாம்பன் பாலம் தாண்டியதும் பேருந்திலிருந்து ஒரு கேள்வியை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். உதவிக்கு யாரையும் கூப்பிடக் கூடாது என்று முன்பே சொல்லியிருங்கள். பதில் வருகிறதா என்று போன் செய்து கேட்காதீர்கள். எனக்கு இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மதுரை வண்டியில் ஏறி, பரமக்குடி தாண்டிய பிறகுதான் வந்தது. எந்த இடத்தில் தடுமாறினார் என்பதை அன்று இரவே கேட்டு எழுதிக்கொண்டேன்: பதில் பொத்தானைத் தாண்டி இரண்டு முறை தள்ளிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.